மலைக்கு ஏறும் வேன்களும் கடைமடைக்கு இறங்கும் ஆறும்

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும் முன்பே பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குப் போகும் சாலையில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வரிசைகட்டிவிடும். நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரம். 1,478 மீட்டர் உயரம். கீழே மேகம் பரந்து கிடக்க, சூரியன் எழுவதைப் பார்த்து, படம் எடுத்து, அடிவாரத்தில் சிற்றுண்டி சாப்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த நந்தி மலைப் பக்கத்தில்தான் தென்பெண்ணை பிறக்கிறது. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று இறங்கி வந்து, புதுச்சேரியின் மடுகரைக்குச் சற்றுத் தெற்கே சொர்ணாவூர் அணைக்கட்டைத் தொடுகிறது. அங்கே பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. மிச்சத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது.

நந்தி மலையில் விடியலைப் பார்க்க வருகிறவருக்கு மடுகரை என்ற ஊரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மடுகரைக்காரருக்கு அந்த மலையைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் மலைப் பயணம் என்றால் நாம் சுற்றுலா, செலவு, பொழுதுபோக்கு என்ற கணக்கிலேயே பேசுகிறோம். புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் இருந்துகொண்டு பார்த்தால் அது தண்ணீர்க் கணக்கும்கூட. எந்த மலைக்கு, ஒரு நாளைக்கு, எத்தனை வண்டி ஏறலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த மலையின் ஆற்றை நம்பி வாழும் சமவெளிக்காரருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

நந்தி மலை மட்டும் என்றில்லை. விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து 'ஒன் டே டூர்' போகிறவர்கள் பெரும்பாலும் போகும் மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிதோறும் நாம் சுற்றப் போகும் திருவண்ணாமலைப் பகுதியின் மழைநீரைத் துரிஞ்சலாறு எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணையில் சேர்க்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் ஏற்காட்டில், சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் வாணியாறும் தென்பெண்ணைக்கே வருகிறது. செஞ்சி மலைப்பகுதியில் புறப்படும் சங்கராபரணி வீடூர் அணை வழியாக வில்லியனூருக்கும் திருக்காஞ்சிக்கும் வந்து கடல் சேர்கிறது. ஆக, விடுமுறை நாளில் நாம் ஏறுகிற மலைகளில் பல, மறுநாள் நம் வயலுக்கும் கிணற்றுக்கும் இறங்கி வருகிற மலைகள். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களின் இரண்டு பெரிய ஆறுகளுமே நம் எல்லைக்கு வெளியே உள்ள குன்றுகளில் தொடங்குகின்றன. அங்கே ஒரு மரம் நடவோ ஒரு வண்டியை நிறுத்தவோ புதுச்சேரி அரசுக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு நாள் பயணத்தை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 'காலையில் போய் சாயங்காலம் திரும்பினால் அது மலையைப் பார்த்ததா?' என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. மலையில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? நெட்டப்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் நாற்று நடுகிறவர்களுக்கும், சிறுவந்தாட்டுத் தறிக்காரர்களுக்கும், திருபுவனை, சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கும் வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள்தான். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, ஒரு வேன் பிடித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ராத்திரி புறப்பட்டு ஏற்காடு பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி வீடு வருகிறார்கள். வருடம் முழுவதும் அடுப்புக்கும் வயலுக்கும் இடையில் நடந்த கால்களுக்கு அந்த ஒரு பகல் கிடைக்கத்தான் வேண்டும். மலை, எஸ்டேட் பங்களா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்துக்கு யாரும் திரும்பிப் போகக் கூடாது.

ஆகவே ஆட்களைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைய வேண்டியது வண்டி.

தமிழ்நாட்டில் இதைச் சட்டமாகப் பேசியது சென்னை உயர் நீதிமன்றம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று 2024 ஏப்ரல் இறுதியில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீசனில் நீலகிரிக்கு மட்டும் நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் வரை ஏறுகின்றன என்ற விவரம் அப்போது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. முதல் வருடம் இ-பாஸ் என்பது எண்ணிக்கை எடுக்கும் ஏற்பாடாகவே இருந்தது, கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. அடுத்த வருடம்தான் உச்சவரம்பு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு ஐ.ஐ.டி. சென்னைக்கும் ஐ.ஐ.எம். பெங்களூருக்கும் தரப்பட்டது.

வியாபாரிகள் எதிர்த்தார்கள். கடையை மூடிப் போராட்டமும் நடத்தினார்கள். சீசனில் சம்பாதித்தால்தான் வருடத்தை ஓட்ட முடியும் என்ற அவர்களின் கவலை நியாயமானது. அதைப் பழிக்கக் கூடாது. ஆனால் அந்த உத்தரவில் கவனிக்க வேண்டிய ஒரு வரி, பேருந்துக்குத் தந்த விலக்கு. 50 பேரை ஏற்றிய ஒரு பேருந்து, மலைப்பாதையில் இரண்டு மூன்று கார்களுக்கான இடத்தை எடுக்கும். அதே 50 பேர் காரில் போனால் பத்துப் பன்னிரண்டு கார் ஆகும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பன்னிரண்டும் நின்று, புகை கக்கி, மேலே போய் நிறுத்த இடம் தேடும். நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காகத்தான் மலையில் சரிவை வெட்டிச் சமப்படுத்துகிறார்கள். வெட்டிய சரிவில் மழை இறங்கும்போதுதான் மண் பெயர்கிறது. வண்டி குறைந்தால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் குறைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பேருந்தில் வந்தவர்களும் வர்க்கி வாங்குவார்கள், டீ குடிப்பார்கள், சாப்பிடுவார்கள். காரின் பின்பெட்டியில் சாப்பாடும் தண்ணீர்ப் பாட்டிலும் அடுக்கிக்கொண்டு வந்து, குப்பையை மட்டும் மலையில் விட்டுப் போகிறவரைவிட, பேருந்துப் பயணி மலையூர்க் கடைகளுக்கு நல்ல வாடிக்கையாளராகவே இருப்பார்.

நீலகிரியும் கொடைக்கானலும் புகழ் பெற்றவை. நீதிமன்றத்தின் கண் அங்கே விழுந்தது. ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் திருவண்ணாமலைக்கும் அப்படி யார் கணக்குப் பார்த்தது? இவைதானே ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பவை, நெரிசல் எல்லாம் ஒரே பகலில் வந்து குவியும் இடங்கள்? நந்தி மலையில் 2021 ஆகஸ்டில் கனமழைக்கு மண் சரிந்து சாலை அடைபட்டது. மாதக்கணக்கில் மலை மூடிக் கிடந்து, டிசம்பரில்தான் திறந்தார்கள். திறந்ததும் பழைய கூட்டம் அப்படியே வந்தது. மூடுவது, திறப்பது என்ற இரண்டைத் தவிர நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதை நிர்வாகங்கள் ஏற்பதற்கே ஒரு விபத்து தேவைப்படுகிறது.

விபத்து என்றதும் 2024 நவம்பர் 30 நினைவுக்கு வராமல் போகாது. ஃபெங்கல் புயல் அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நம் தெருக்களில் தண்ணீர் வடிவதற்குள், அடுத்த நாள் டிசம்பர் 1 மாலை, அதே புயலின் மழை திருவண்ணாமலையில் மலைச்சரிவைப் பெயர்த்தது. வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் ஒரு வீட்டின் மேல் இறங்கியதில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடியாக வெளியேறியது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களோடு பாகூர்ப் பக்கம் ஆற்றோரத்தில் இருக்கிற ஊர்களும் வெள்ளத்தில் மூழ்கின. நெல் அழுகியது. மாடுகள் போயின. மழை நின்று வெயில் அடித்த பிறகு வந்த வெள்ளம் அது. நம் தலைக்கு மேல் பெய்த மழையால் மட்டும் வந்ததில்லை. மேலே மலைகளில் பெய்தது நம்மைத் தேடி வந்தது.

அந்தப் பேரழிவுக்கு ஒரு நாள் பயணிகள் காரணம் என்று சொன்னால் அது பொய். அவ்வளவு மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் சரிவில் மரமும் புதரும் வேரும் இருந்தால் மழை மெதுவாக இறங்கும், மண் கூடவே வராது. வெட்டிய, கட்டிய, காய்ந்த சரிவில் அது நேரே ஓடி வரும், மண்ணையும் சேர்த்துக்கொண்டு வந்து அணையில் வண்டலாகப் படியும். திருவண்ணாமலை மலை ஒரு காலத்தில் மொட்டையாகத்தான் இருந்தது. அதைப் பச்சையாக்க உள்ளூர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் பல வருடங்களாக மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி உழைத்திருக்கிறார்கள். கோடையில் யாரோ ஒருவர் அணைக்காமல் போட்ட தீக்குச்சி, அந்த வருடங்களின் உழைப்பை ஒரு ராத்திரியில் தின்றுவிடும். இந்த வேலையைச் செய்தவர்களுக்கு, கடைமடையில் இருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இதுவரை அதை நாம் சொல்லிக்கொண்டதில்லை.

திருவண்ணாமலையின் கதை மற்ற மலையூர்களிலிருந்து வேறு. அங்கே யாரும் குளிர் காற்று வாங்கப் போவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பௌர்ணமி ராத்திரியில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மடுகரைப் பக்கத்தில் 'மலை சுத்தப் போறோம்' என்றால் எந்த மலை என்று யாரும் கேட்பதில்லை. எல்லாச் சாதிக்காரரும், வயசானவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடக்கிற ஒரு ராத்திரி அது. ஒரு நகரத்துக்கு ஒரே இரவில் வந்து, ஒரே இரவில் திரும்பிப் போகும் இவ்வளவு பெரிய கூட்டம் தமிழ்நாட்டில் மாதாமாதம் வேறெங்கும் கூடுவதாகத் தெரியவில்லை. பக்தர்களின் நடையால் மலைக்கு ஒரு கேடும் வரவில்லை. கேடு, அன்னதானத் தட்டுகளிலும் பிளாஸ்டிக் டம்ளர்களிலும் வருகிறது; ஊருக்குள் நுழைய முடியாமல் நான்கு பக்கச் சாலையிலும் நிற்கும் வேன்களிலும் கார்களிலும் வருகிறது. மழை பெய்தால் அந்தத் தட்டும் டம்ளரும் ஓடையில் இறங்கித் துரிஞ்சலாற்றுக்குப் போகும். அங்கிருந்து எங்கே வரும் என்று நமக்குத் தெரியும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த மலைக்கு ரயில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது ஐம்பது ரூபாயில் சென்னைக்காரர் மலையூருக்கு வந்துவிட முடிந்தது. விழுப்புரத்திலிருந்தும் பௌர்ணமிக்குச் சிறப்பு ரயில் விடுகிறார்கள். விழுப்புரம் நமக்குப் பக்கத்து ஊர். மடுகரை, நெட்டப்பாக்கம், திருபுவனை, பாகூர் வட்டாரங்களிலிருந்து அந்த ரயிலின் நேரத்துக்குப் பொருந்துமாறு பௌர்ணமி மாலையில் புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி. பேருந்துகளை விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு விட்டால், எத்தனை வேன்கள் ஊரிலேயே நின்றுவிடும்! விடிகாலையில் திரும்பி வருகிறவர்களுக்கும் அதேபோல் பேருந்து வேண்டும். தூக்கம் சொக்கும் டிரைவரின் கையில் குடும்பத்தையே ஒப்படைத்துக்கொண்டு ராத்திரிச் சாலையில் திரும்பும் ஆபத்தும் குறையும். பௌர்ணமிக்கு அடுத்த நாள் காலைச் செய்தித்தாளைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறதே, அந்தப் பயம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. இதற்குப் புதிய சட்டமோ கோடிக்கணக்கான பணமோ தேவையில்லை. ரயில்வே கால அட்டவணையையும் பேருந்து அட்டவணையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஓர் அதிகாரி போதும்.

அடுத்து, செஞ்சி. மூன்று குன்றுகளுக்கு நடுவே இருக்கிற இந்த ஊரின் கோட்டை 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலவமைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நமக்கும் செஞ்சிக்கும் உள்ள உறவு புதிதில்லை. 1750இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. இனிமேல் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காலையில் கிளம்பி, ராஜகிரி ஏறி, சாயங்காலம் திரும்பும் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகும். பெருகட்டும். ஆனால் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் நேர்ந்ததைப் பார்த்த பிறகும், கூட்டம் பெருகி, ஹோட்டல்கள் குன்றடியை நெருக்கி, ஏரியும் குளமும் கழிவுநீர்க் குட்டையான பின் நீதிமன்றம் போய் இ-பாஸ் கேட்கும் அந்த வரிசையில் செஞ்சியையும் நிறுத்தப் போகிறோமா? அங்கே இன்று எல்லாம் கைக்குள் இருக்கிறது. குன்றிலிருந்து தள்ளி வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து கோட்டைக்கு மின்சாரப் பேருந்து, சரிவுகளில் கட்டடம் கிடையாது என்ற எல்லைக்கோடு, நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்ற கணக்கு. இவற்றை இப்போதே செய்தால், பிறகு எந்த வியாபாரியும் பிழைப்பு போனது என்று அழ வேண்டியிருக்காது. சங்கராபரணி அங்கே பிறக்கிற ஆறு என்பதால் இதைக் கேட்பதற்கு வில்லியனூருக்கு முழு உரிமை உண்டு.

கூட்டம் தாங்குவது எப்படியிருக்கும் என்பதைப் புதுச்சேரிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனி, ஞாயிறு வந்தால் நம் நகரமே சென்னைக்கும் பெங்களூருக்கும் விருந்துக் கூடமாகிவிடுகிறது. பிரெஞ்சுத் தெருக்களில் வெளியூர்ப் பதிவெண் கார்கள் நகராமல் நிற்கின்றன. ஊர்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஊருக்கு வருமானமும் வருகிறது, மூச்சும் முட்டுகிறது. மலையூர்களில் குடியிருப்பவர்கள் படுவதும் இதுவே. ஏற்காட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையும், ஊட்டியில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணும் நம் விடுமுறையின் செலவில் பாதியைச் சுமக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெங்களூர்க்காரர் நந்தி மலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாலும் அவருடைய நகரம் நம்மிடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையில்தான் விழுகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் பொங்குவதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் இந்த ஆற்றுநீரைப் பங்கிடுவதில் தகராறு இருக்கிறது. இந்த ஆற்றில் சேரும் மார்க்கண்டேய நதியின் அணை விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இவ்வளவு வாதத்திலும் ஆறு முடிகிற இடத்தில் இருக்கிற பாகூரின் பெயர் எத்தனை முறை அடிபட்டது? எத்தனை கனஅடி என்று கேட்கிறோம். எப்படிப்பட்ட தண்ணீர், எந்த மலையிலிருந்து, அந்த மலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

தமிழக அரசிடம் கேட்க வேண்டியது இது: மலைகளின் தாங்கும் அளவை ஊட்டி, கொடைக்கானல் என்ற சுற்றுலாப் பெயர்களோடு நிறுத்தாமல், ஆற்றுப்படுகை வாரியாகக் கணக்கிடுங்கள். தென்பெண்ணைக்கும் சங்கராபரணிக்கும் தண்ணீர் தரும் ஏற்காடு, திருவண்ணாமலை, செஞ்சி, கல்வராயன், ஜவ்வாது மலைகளுக்கு முதலில் செய்யுங்கள். அந்தக் குழுவில் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையின் பிரதிநிதி ஒருவரும், பாகூர் ஏரிப் பாசன விவசாயி ஒருவரும் இருக்கட்டும். மலை ஏறும் வெளியூர்க் காரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, சரிவில் மரம் வைப்பதற்கும் ஓடைகளைக் காப்பதற்கும் என்று சட்டத்திலேயே எழுதப்படட்டும். புதுச்சேரி அரசிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சின்னது: பௌர்ணமிக்கு விழுப்புரத்துக்குப் பேருந்து.

மடுகரை, பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வாசகர்களே, அடுத்த முறை மலைக்குக் கிளம்பும்போது கார் எடுக்காமல் ரயிலிலோ பேருந்திலோ போங்கள். சோறு கட்டிக்கொண்டு போனால் தூக்குச் சட்டியில் கட்டுங்கள், இலையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். முடிந்தால் ஒரு வேளையாவது மலையூர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள். அங்கே நீங்கள் தரையில் விட்டு வருவது எதுவாயிருந்தாலும், ஐப்பசி மழையில் அது சொர்ணாவூருக்கோ திருக்காஞ்சிக்கோ வந்து சேரும்.